நூறு மீட்டர்

அரிசேக் கரையில் படகு வாடகைக்கு விடும் கிர்ஸ்டீன்
இருவர் கயாக்கின் மஞ்சள் வயிற்றைத் தட்டிச் சொன்னாள்:
"இதுக்கு இங்கே விவாகரத்துப் படகுன்னு பேர்.
பின்னால் இருக்கிறவர் குறை சொல்வார்,
முன்னால் இருக்கிறவர் நனைவார்."
அதெல்லாம் முடிந்தாயிற்று என்று நான் சொல்லவில்லை.
மார்சலி காதில் விழாதவள்போல
மிதவை அங்கியின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வயது.
இரண்டு வாரத்துக்கொரு சனி, ஞாயிறு எனக்கு.
கிளாஸ்கோவிலிருந்து மூன்றரை மணி நேரம்
வைப்பர்தான் பேசிக்கொண்டு வந்தது.

கடல்நாய்களிடம் நேரே போகாதீர்கள், என்றாள் கிர்ஸ்டீன்.
முறைத்துப் பார்க்காதீர்கள்.
வேறெங்கோ போகிறவர்கள்போலப் பக்கவாட்டில் போங்கள்,
நூறு மீட்டர் தள்ளி.
ஒன்று தலை தூக்கினால் பரவாயில்லை.
எல்லாம் தூக்கினால்
ஏற்கெனவே தப்புச் செய்துவிட்டீர்கள்.

நான் பாய்லர் பழுதுபார்ப்பவன்.
மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து,
எங்கே ஒழுகுகிறது என்று கேட்டே பழக்கம்.

ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது.
வெள்ளை மணலுக்கு மேலே பச்சைக் கண்ணாடியாய் நீர்.
நண்டு ஒன்று எங்கள் நிழலுக்குள் வந்து
யோசித்து
வெளியே போனது.
என் துடுப்பு அவள் துடுப்பை இடித்தது.
மன்னித்துக்கொள், என்றேன். மறுபடி இடித்தது.
அவள் தாளத்துக்கு நான் இறங்கி வரும்வரை
இடித்துக்கொண்டே இருந்தது.

முகம் கொடுத்துப் பேசு என்று
பிப்ரவரியிலிருந்து கெஞ்சியவனுக்கு
மூன்று மணி நேரம் முதுகு.
முதுகில் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.
சிரிப்பை அடக்கும்போது காதுகள் நகர்கின்றன.
இடது தோள் ஒரு விரல்கடை தாழ்வு, என் தோள்போலவே.
பிடரியில் நூலளவு தழும்பு:
வாஷிங் மெஷின் மூலை, நான்கு வயது,
நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மாலை.

பாறைத்திட்டுகளில்
தலையும் வாலும் தூக்கி
வாழைப்பழ வளைவில் கிடந்தன கடல்நாய்கள்.
நனையக்கூடாது என்று என்ன பிடிவாதம்,
நாளெல்லாம் நீரில் கிடப்பவைக்கு!
ஒன்று, கிறிஸ்துமஸ் விருந்து முடிந்த மாமாபோல
வயிற்றைச் சொறிந்தது.
சிப்பிபிடிப்பான் ஒன்று
சாவியைத் தொலைத்தவன் பதற்றத்தில்
கத்திக்கொண்டே குறுக்கே பறந்தது.

பார்த்த பார்வையில் கால்மிதியை அழுத்திவிட்டேன் போல.
படகின் மூக்கு பாறைக்குத் திரும்பியது.
ஒரு தலை.
மூன்று.
பதினொன்று.

"இடது," என்றாள் மார்சலி, திரும்பாமல்.
"இடது காலை அழுத்து. அதுங்களைப் பாக்காதே.
மேகத்தைப் பாரு."
அன்றைக்கு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல்.
மேகத்தைப் பார்த்தேன். சாதாரண மேகம்.
பக்கவாட்டில் நழுவினோம்.
தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன,
ஒன்றைத் தவிர.
அதற்கு எங்கள்மேல் நம்பிக்கை வரவே இல்லை.

திரும்பும் வழியில்,
நீர்புகாப் பையிலிருந்து போனை எடுத்துத்
தோளுக்கு மேலே பிடித்தாள்.
தன்னைப் படம் எடுக்கிறாள் என்றிருந்தேன்.
"திரும்பாதே," என்றாள் மெல்ல.
"பின்னால் ஒருத்தர் வர்றார். திரும்பினா முங்கிடுவார்."
"எப்போதிருந்து?"
"அந்தச் சிவப்பு மிதவையிலிருந்து."

உள்ளங்கையளவு திரையில்
என் சிவந்த மூக்கு,
அதற்குப் பின்னால் மீசை சொட்டும் சாம்பல் தலை, கறுப்புக் கண்கள்,
ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
அவள் முகம்.
நான் கடல்நாயையே பார்ப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

பின்னால் ஒரு பெருமூச்சு, மீன்வாடையோடு.
மூன்று மீட்டர்கூட இருக்காது.
விதி எங்களுக்குத்தான்,
அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டாள் கிர்ஸ்டீன்.
"இவர் மேகம் பார்த்தார்," என்றாள் மார்சலி.
பிறகு படகைச் சுற்றி வந்து
"பின்பக்கம் நான் பிடிக்கிறேன், நீ முன்னால் நட," என்றாள்.

நடந்தேன்.
மணல் ஈரம், படகு கனம்.
என் முதுகில் அவள் என்ன பார்த்தாளோ.